பெட்டியில் இருக்கும் கெல்வினும் சாலையில் விழும் வெளிச்சமும்

கார் ஹெட்லைட்டுக்குப் பல்பு வாங்க இன்று கடைக்குப் போனால், "என்ன வண்டி?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக வருவது "எத்தனை கெல்வின் வேணும்?" என்பதுதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக இருக்கும் உதிரிப்பாகக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில், 4300, 5000, 6000, 8000 என்ற எண்கள் நிறுவனத்தின் பெயரைவிடப் பெரிதாக அச்சிடப்பட்ட பெட்டிகளைப் பார்க்கலாம். எண் ஏற ஏற வெளிச்சமும் ஏறும் என்று வாங்க வருபவர் நினைக்கிறார். அந்த எண்ணத்தைத் திருத்த வேண்டிய தேவை விற்பவருக்கு இல்லை. எங்கள் காரின் இடப்பக்க டிம் லைட் அணைந்துபோய் நான் போனபோதும், "ஆறாயிரம் போடுங்க சார், ராத்திரியைப் பகலாக்கிடும்" என்றுதான் கடைக்காரர் சொன்னார். நான் வாங்கி வந்தது எந்தப் பூச்சும் இல்லாத, மஞ்சள் தட்டிய வெள்ளை ஒளி தரும் சாதாரண 60/55 வாட் எச்4 பல்பு; பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என இரண்டு இழைகளும் ஒரே குடுவைக்குள் இருக்கும் வகை அது. இந்தக் காலத்தில் ஏன் இதை வாங்கினாய் என்று வீட்டிலும் நண்பர்களிடையிலும் எழுந்த கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கெல்வின் என்ற எண் ஒளியின் நிறத்தைச் சொல்கிறது. இரும்பைச் சூடேற்றினால் அது முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெளுக்கும். இன்னும் சூடேற்ற முடிந்தால் நீலம் தட்டும். எந்த வெப்பநிலையில் ஒரு பொருள் எந்த நிறத்தில் ஒளிரும் என்ற அந்தக் கணக்கை வைத்தே விளக்குகளின் நிறத்தைக் குறிக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். வீடுகளில் முன்பு இருந்த குண்டு பல்பு 2700. காரின் ஹாலோஜன் பல்பு, அதாவது இழையோடு அயோடின் அல்லது புரோமினும் அடைத்த பல்பு, 3200-க்கு அருகில். நடுப்பகல் வெயில் 5500-ஐ ஒட்டி வரும். ஒரு பல்பு எவ்வளவு ஒளியைக் கொட்டுகிறது என்பதைச் சொல்லும் அளவு லூமன். எச்4 பல்புக்கான சர்வதேச விதிப்படி, 13.2 வோல்ட் மின்னழுத்தத்தில் டிம் இழை 1000 லூமனும் பிரைட் இழை 1650 லூமனும் தர வேண்டும். இரண்டிலும் 15 சதவீதம் கூடலாம், குறையலாம். நம் ஊரில் விற்கும் பல பெட்டிகளில் கெல்வின் எண் கொட்டை எழுத்தில் இருக்க, லூமன் அளவைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. எல்.இ.டி பெட்டிகளில் லூமன் இருக்கும். ஆனால் அங்கே எழுதியிருக்கும் இருபதாயிரத்தையும் முப்பதாயிரத்தையும் நம்புவது வாங்குபவரின் பெருந்தன்மையைப் பொறுத்தது.

இழை உள்ள பல்பின் பெட்டியில் 5000 கெல்வின் என்று எழுதியிருந்தால், அதை ஓர் எளிய கணக்கால் சோதிக்கலாம். இழை டங்ஸ்டனால் ஆனது. டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸில், அதாவது 3695 கெல்வினில் உருகிவிடும். ஆகவே எந்த இழையும் 5000 கெல்வினில் எரிய வழியே இல்லை. கண்ணாடிக் குடுவையின் மேல் நீலப் பூச்சு பூசி, உள்ளே இருந்து வரும் மஞ்சளையும் சிவப்பையும் ஓரளவு தடுத்து நிறுத்துவதால்தான் அந்த வெண்மை கிடைக்கிறது. ஹாலோஜன் பல்பின் ஒளியில் பெரும்பகுதி அந்த மஞ்சளும் சிவப்பும்தான் என்பதால், காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் ஒரு பங்கைப் பூச்சுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். தரமான நிறுவனங்கள் இந்த இழப்பை ஈடுகட்ட இழையை இன்னும் சூடாக எரிய விடுகின்றன. அதனால் பல்பின் ஆயுள் குறைகிறது. தரமற்றவை ஈடுகட்டுவதே இல்லை.

வெண்மைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கும்போது நம் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையும் மஞ்சளும் கலந்த இடத்தில் உச்சத்தில் இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, நீலத்தை நோக்கி நகர்கிறது. ஆகவே சாலையோரத்தில் அரை இருளில் நடப்பதைக் கடைக்கண்ணால் கவனிக்க, சற்றே வெண்மை கூடிய ஒளி உதவக்கூடும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும் பெயர்ப் பலகைகளும் அதில் பளிச்சென்று தெரியும். அந்த உதவிக்கு 4300 வரையில் போனால் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போகப் போக, கூசும் தன்மையே கூடுகிறது. ஒரே அளவு ஒளி என்றாலும் நீலம் மிகுந்ததே கண்ணை அதிகம் உறுத்துவதாகப் பெரும்பாலானவர்கள் உணர்கிறார்கள். எதிரே வரும் லாரியை ஓட்டுபவருக்கு ஐம்பது வயதைக் கடந்து, கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தால், அவருடைய கண்ணுக்குள்ளேயே அந்த ஒளி சிதறி, சில விநாடிகளுக்கு அவருக்குச் சாலையே தெரியாமல் போகும்.

"மழை பெஞ்சா வெள்ளை லைட்டு ரோட்டுல நிக்காது" என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். தார்ச்சாலையின் மேல் நீர் படர்ந்ததும் அது கண்ணாடியைப் போல ஒளியை முன்னோக்கியே அனுப்பிவிடுகிறது. நம்மை நோக்கித் திரும்பி வரும் ஒளி மிகவும் குறைந்துவிடுகிறது. இது எல்லா நிறத்துக்கும் பொருந்தும். மஞ்சள் ஒளியில் ஈரச்சாலையின் மேடுபள்ளம் கண்ணுக்கு எளிதாகப் பிடிபடுகிறது என்பது என் அனுபவமும்கூட; ஆனால் நிறத்தை மாற்றிவிட்டால் மழைச்சாலை தெளிந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

பனிமூட்டத்தைப் பற்றிய நம்பிக்கை இன்னும் பழையது. மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று வால்பாறைக்கும் குன்னூருக்கும் வண்டி ஓட்டுபவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். வானம் நீலமாக இருப்பதற்கான விளக்கத்தை, நீலம் அதிகம் சிதறும் என்ற அந்த விதியை, பனிமூட்டத்துக்கும் கொண்டுவந்து பொருத்துவதால் வரும் நம்பிக்கை இது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் அங்கே அந்த விதி செல்லும். பனித்துளியோ சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் பல பத்து மைக்ரான் வரை விட்டமுடையது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். அத்தனை பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும். பிரான்சில் 1930-களின் நடுப்பகுதியில் தொடங்கி 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது. பிறகு ஐரோப்பாவின் பொது விதிக்காக அதைக் கைவிட்டார்கள். நீலத்தை வடிகட்டிய ஒளி பனியில் பட்டுத் திரும்பி வரும்போது நம் கண் கூசுவது சற்றுக் குறைகிறது என்பதுதான் மஞ்சளுக்கு உரிய நியாயமான பெருமை. மலைப்பாதையில் உண்மையாக உதவுவது ஃபாக் லேம்ப் எனப்படும் பனிமூட்ட விளக்கு பொருத்தப்பட்டிருக்கும் இடம். அது பம்பரின் கீழ்ப்பகுதியில் தாழ்வாக இருப்பதாலும், அதன் ஒளி மேலே எழாமல் அகலமாகத் தரையோடு பரவுவதாலும், கண்ணுக்கு நேரே வெள்ளைச் சுவர் எழும்புவதில்லை. ஆகவே 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட ஆசைப்படுபவர்கள் அதை ஃபாக் லேம்பில் போட்டுக்கொள்ளட்டும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரைட்டில் ஏறுகிறவருக்கு எந்த நிறப் பல்பும் உதவாது.

இனி, ஹாலோஜன் விளக்குக்குள் எல்.இ.டி பல்பைச் செருகுவதைப் பற்றிப் பேச வேண்டும். சந்தையில் 6000 கெல்வின் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இவையே. எச்4 பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், உள்ளே இரண்டு இழைகள் முன்னும் பின்னுமாக இருப்பது தெரியும். அவற்றில் டிம்முக்கான இழையின் அடியில் மட்டும், நகக்கண் அளவுக்கு ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தக் கிண்ணம் மறைத்துவிடுவதால், பல்பின் ஒளியைச் சாலைக்குத் திருப்பி அனுப்பும் குழிவான ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் ஒளி படுவதில்லை. அங்கே பட்டிருந்தால் அது மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவரின் முகத்தில் அடித்திருக்கும். கிண்ணத்தின் விளிம்புதான் சாலையில் வெளிச்சமும் இருளும் பிரியும் கோடாக விழுகிறது. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அந்தக் கோடு எதிரே வருபவர் இருக்கும் வலப்புறத்தில் தாழ்ந்தும், நடப்பவரும் மைல்கல்லும் இருக்கும் இடப்புறத்தில் சாய்வாக மேலேறியும் அமையும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்குக் கெட்டுவிடும்.

மெல்லிய கம்பிச்சுருளாகிய இழை, சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஒளி வீசும். எல்.இ.டி பல்பிலோ ஒரு தட்டையான தகட்டின் இரண்டு பக்கங்களில் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. தகட்டுக்குத் தடிமன் இருப்பதால் இரண்டு பக்கத்து ஒளியும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை; ரிஃப்ளெக்டரின் கணக்கும் கெட்டுவிடுகிறது. வண்டியை எடுத்ததும் பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடிக்கு வெள்ளைவெளேர் என்று இருக்கும். அதைப் பார்த்து மனம் நிறைந்துவிடுகிறது. அந்த அருகாமை வெளிச்சமே கண்ணின் பாவையைச் சுருக்கி, நூறு அடிக்கு அப்பால் பின்விளக்கு இல்லாமல் போகும் கரும்பு டிராக்டரை மறைத்துவிடுகிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. நல்ல எல்.இ.டி மாற்றுப் பல்புகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 2020-இல் இத்தகைய ஒரு பல்புக்கு முதன்முறையாகச் சாலையில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது; அதுவும் எந்தெந்தக் கார் மாடல்களின் விளக்கில் சோதித்துப் பார்த்தார்களோ அவற்றுக்கு மட்டுமே. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி விளக்கோடு வரும் கார்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அவற்றின் லென்ஸும் ரிஃப்ளெக்டரும் எல்.இ.டி-க்காகவே வடிவமைக்கப்பட்டவை.

நம் நாட்டு விதியும் இதைக் கவனித்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆவது விதி, முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுநரால் கீழே இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவருடைய கண்ணை அது கூச வைக்கக் கூடாது. ஏறத்தாழ எதிரே நின்று பார்க்கும் ஓர் ஆளின் கண் உயரம் அது. இந்த நோக்கத்துக்காகத்தான் ஒரு காலத்தில் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தார்கள்; இப்போதும் சில இடங்களில் போலீசார் வண்டியை நிறுத்திக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இன்றைய பல முக ரிஃப்ளெக்டரில் ஒவ்வொரு முகமும் சாலையின் ஒவ்வொரு பகுதிக்கு ஒளி அனுப்புவதால், அந்தப் பொட்டு கூசலைக் குறைப்பதற்குப் பதிலாகச் சாலையின் ஏதோ ஒரு துண்டை இருட்டாக்குகிறது. பொட்டு ஒட்டும் நேரத்தில், மேல்நோக்கித் தூக்கி வைத்த விளக்கை ஒரு ஸ்குரூ டிரைவரால் இறக்கிவிட்டால் அதிகப் பலன் கிடைக்கும்.

வெளிச்சம் போதவில்லை என்பவர்கள் நிறத்தைக் கவனிப்பதற்கு முன்னால் வோல்ட்டைக் கவனிக்க வேண்டும். இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆவது படிக்கு ஏற்ப ஏறி இறங்கும். பல்புக்குப் போய்ச் சேரும் மின்சாரம் 13.2 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டாகக் குறைந்தால், 1000 லூமன் 720 லூமனாகிவிடும். கால் பங்குக்கும் மேல் வெளிச்சம் வயரிலேயே போய்விட்டது என்று பொருள். பழைய வண்டிகளில் ஸ்டீயரிங் அருகில் உள்ள சுவிட்சின் வழியாகவே முழு மின்சாரமும் போய் வருவதாலும், வயரைப் பல்போடு இணைக்கும் கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதாலும், எர்த் வயர் துருவேறியிருப்பதாலும் இது சாதாரணமாக நடக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு, டிம்மைப் போட்டு, பேட்டரியில் ஒருமுறையும் பல்பின் கப்ளரில் ஒருமுறையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னால் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் பார்த்துச் சொல்வார். இரண்டுக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கப்ளரையும் எர்த்தையும் சுத்தம் செய்து, தேவையானால் சுவிட்சின் வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்தே பல்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் ரிலே வயரிங் போடுவது போதும். பழைய பல்பே புதிதாக எரியும். இதற்கு மாற்றாகச் சிலர் 100/90 வாட் பல்பை வாங்கிப் போடுகிறார்கள். 60/55 வாட்டுக்காகச் செய்த வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காமல் கப்ளர் உருகுவதையும், ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகிப் புகைபிடித்துப் போவதையும் எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

பல்பை மாற்றுவது கடினமான வேலை அல்ல. கை நுழைய இடம் இல்லாததுதான் கடினம். இன்ஜினையும் விளக்கையும் அணைத்து, பல்பு ஆறும் வரை பொறுத்து, பானெட்டைத் திறந்தால், விளக்கின் முதுகில் மூன்று பின் கப்ளர் ஒன்று இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரின் உடலைப் பிடித்து மெல்ல அசைத்து வெளியே எடுக்க வேண்டும். அடுத்து இருப்பது காதுகள் வைத்த கறுப்பு ரப்பர் மூடி. அதைக் கழற்றினால், வளைந்த கம்பி கிளிப் ஒன்று பல்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். கிளிப்பின் நுனியை உள்ளே அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் அது கதவு போலத் திறந்துகொள்ளும். எங்கள் காரில் இடப்பக்கத்து விளக்கின் பின்னால் பேட்டரி உட்கார்ந்திருப்பதால் கிளிப்பைக் கண்ணால் பார்க்கவே முடியாது. செல்போன் கேமராவை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விரலால் தடவித் தடவித் திறந்தேன். பல்பின் உலோக வளையத்தில் மூன்று நாக்குகள் இருக்கும். மூன்றும் ஒரே இடைவெளியில் இல்லாததால் ஒரே ஒரு நிலையில்தான் அது சரியாக உட்காரும். உட்காராத பல்பைக் கிளிப் போட்டு அமுக்கிவிட்டால் உள்ளே இருக்கும் கிண்ணம் சாய்ந்து, டிம் லைட் மரத்தின் உச்சியைக் காட்டும்.

புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். காரணத்தைச் சொல்பவர்கள் குறைவு. ஹாலோஜன் பல்பின் சுவர் 250 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான், இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படியாமல் உள்ளே இருக்கும் அயோடின் அல்லது புரோமினோடு சேர்ந்து மீண்டும் இழைக்கே திரும்பும். விரலின் எண்ணெயும் உப்பும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் கண்ணாடியோடு வினைபுரிந்து, பட்ட இடத்தை மங்கலாக்கி வலுவிழக்கச் செய்கின்றன. தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போடலாம். ரப்பர் மூடியை மீண்டும் போடும்போது அதன் விளிம்பு எல்லாப் பக்கமும் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பது நல்லது. அங்கே இடைவெளி இருந்தால் முதல் மழையிலேயே விளக்குக்குள் நீராவி படரும்.

மாட்டியபின் வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து டிம்மைப் போட வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்வாகச் சுவரில் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சமும் இருளும் பிரியும் கோடு, விழுந்தால் சரி. பல கார்களின் விளக்கு உறையில் 1.0% அல்லது 1.2% என்று அச்சிட்டிருப்பது இந்தச் சரிவைத்தான். டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்கள் போட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கிறதே, அதைத் திருப்பியே பார்க்காதவர்கள் ஏராளம். பின்சீட்டில் மூவரும் டிக்கி நிறையப் பையும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்குத் தூக்கிக்கொள்ளும். அப்போது சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ திருப்பினால் விளக்கு இறங்கிக்கொடுக்கும். கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவில் குடும்பத்தோடு திரும்பும் வண்டிகளில் பாதி, டிம் போட்டும் பிரைட் போலக் கூசுவதற்கு இதுவே காரணம்.

விளக்கின் முன்மூடியாகிய லென்ஸ் மஞ்சளாகிப்போன வண்டிக்குப் பல்பு வாங்கிப் பயனில்லை. லென்ஸ் செய்யப்பட்டிருக்கும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்துவிடுவதால் வரும் மங்கல் அது. தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மறுபடி பூசினால் சில ஆண்டுகள் தாங்கும். பூச்சு பூசாமல் பற்பசையால் தேய்த்துவிட்டுப் போனால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

பெட்டியின் மேல் "100 சதவீதம் கூடுதல் வெளிச்சம்" என்று எழுதி விற்கும் ஹாலோஜன் பல்புகளைப் பற்றியும் நண்பர்கள் கேட்டார்கள். மொத்த லூமன் விதியின் வரம்பைத் தாண்ட முடியாது என்பதால், அந்த நூறு சதவீதம் சாலையில் குறிப்பிட்ட ஒரு பகுதியில் அளந்தது. இழையை இன்னும் இறுக்கமாகச் சுற்றி, சூடாக எரியவிட்டு, குடுவையில் அழுத்தம் கூடிய வாயு நிரப்பிச் செய்கிறார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பல்பாக இருந்து, அடிப்பாகத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'இ' (E) எழுத்தைக் கொண்ட ஐரோப்பிய ஒப்புதல் முத்திரையும் இருந்தால், தொலைவில் கண்கூடாக வித்தியாசம் தெரியும். நிறமும் இயல்பான ஹாலோஜனைவிடச் சற்றே வெளுத்திருக்கும். இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆயுள் சாதாரண பல்பைவிடக் குறைவு என்பதால், ஒன்று அணைந்ததும் மற்றதும் விரைவில் அணையும் என்று கணக்கு வைத்து, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டு, இன்னும் எரிந்துகொண்டிருக்கும் பழையதைப் பெட்டியில் போட்டு டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.